மகன் எழுதிய கட்டுரையும் பள்ளியின் கண்காணிப்பும்: எந்தச் சட்டம் என்று எழுத்தில் கேளுங்கள்

கேள்வி:

ஒஹையோவில், கொலம்பஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி விசா; எனக்கும் மகனுக்கும் எச்-4. மகனுக்கு 16 வயது, அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பு. வரலாற்றுப் பாடத்தில், குடும்பத்தில் யாராவது நேரில் கண்ட ஒரு நிகழ்வைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். 1983 ஜூலையில் கொழும்பு வெள்ளவத்தையில் தன் அம்மம்மா பட்டதை அவன் எழுதத் தொடங்கினான். பள்ளி கொடுத்த க்ரோம்புக் மடிக்கணினியில், இரவு 10 மணிக்கு, தன் அறையில் இருந்து எழுதினான். மறுநாள் காலை அவனை வகுப்பிலிருந்து அழைத்துப் போய்விட்டார்கள். கொலை, தீ, குண்டு என்ற சொற்களைப் பார்த்துக் கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்கை அனுப்பியதாம். உதவி முதல்வர், கவுன்சிலர், பள்ளியில் பணியில் இருக்கும் போலீஸ் அதிகாரி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பையைச் சோதித்து, ஏதாவது அமைப்போடு தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் வீடு திரும்பிய பிறகே எங்களுக்குத் தெரியும். முதல்வரைக் கேட்டால், ஃபெடரல் சட்டப்படி நாங்கள் கண்காணித்தே ஆக வேண்டும் என்கிறார். அன்றிலிருந்து மகன் காலையில் கொடி உறுதிமொழிக்கு எழுந்து நிற்பதில்லை. மதிப்பெண் குறையும் என்று ஓர் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் ராணுவத்தில் சேரச் சொல்லி வீட்டுக்கு போன் வேறு வருகிறது. நாம் விசாவில் இருப்பவர்கள், பேசாமல் இரு என்கிறார் கணவர். பேசாமல்தான் இருக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பேசாமல் இருக்க வேண்டியதில்லை. ஆனால் எதை, யாரிடம், எந்த வரிசையில் பேசுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும்.

அதற்கு முன்னால் உங்கள் மகனிடம் ஒரு விஷயத்தை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆசிரியர் கேட்டதை அவன் எழுதினான். அவன் அம்மம்மா உயிர் தப்பிய கதையைக் கொலை, தீ என்ற சொற்கள் இல்லாமல் யாராலும் எழுத முடியாது. அவன் தவறு எதுவும் செய்யவில்லை. அந்த அறையில் மூன்று பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இதை அம்மா வாயால் கேட்பது, நான் எழுதப்போகும் சட்டம் எல்லாவற்றையும்விட முக்கியம்.

நான் நியூஜெர்சியில் பல ஆண்டுகளாகப் பள்ளி தொடர்பான வழக்குகளைப் பார்த்து வருகிறேன். ஃபெடரல் சட்டம், அதாவது வாஷிங்டனில் உள்ள மத்திய அரசின் சட்டம், எங்கும் ஒன்றுதான். ஒஹையோ மாநிலச் சட்டம் பற்றி நான் சொல்வதை மட்டும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்வர் சொன்ன வாக்கியத்தில் இருந்து தொடங்குகிறேன். “ஃபெடரல் சட்டப்படி கண்காணித்தே ஆக வேண்டும்.” இதே வாக்கியத்தை நான் எத்தனையோ பள்ளிகளில் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, அவர்களே அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அது பாதிதான் உண்மை. அந்த மீதிப் பாதியில்தான் உங்கள் மகனின் உரிமை இருக்கிறது.

அமெரிக்காவில் பள்ளியை நடத்துவது மாநிலமும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டமும்தான். பள்ளிச் செலவில் ஃபெடரல் அரசின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. 1979இல் கல்வித் துறையை உருவாக்கிய சட்டமே, பாடத்திட்டத்தில் அந்தத் துறை கை வைக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் வாஷிங்டனின் கை உங்கள் மகனின் அறை வரைக்கும் நீள்கிறது என்றால், அது பணத்தின் வழியாக நீள்கிறது. இந்தப் பணம் வேண்டுமா, அப்படியானால் இந்த நிபந்தனைக்குச் சம்மதியுங்கள் என்பதுதான் முறை. நிபந்தனை ஒரு முழம் என்றால் பள்ளி மாவட்டம் பயந்துகொண்டு மூன்று முழம் செய்யும். பிறகு மூன்று முழமும் சட்டம்தான் என்று பெற்றோரிடம் சொல்லும். நீங்கள் அளந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

கண்காணிப்பில் அந்த ஒரு முழம் எது? 2000ஆம் ஆண்டு டிசம்பரில் குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. சுருக்கமாக சிப்பா என்பார்கள். பள்ளிகளுக்கு இணைய இணைப்புச் செலவில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி தரும் இ-ரேட் திட்டம் ஒன்று உண்டு. அந்தத் தள்ளுபடி வேண்டுமானால் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டி போட வேண்டும், மாணவர்களின் இணையச் செயல்களைக் கண்காணிப்பதை உள்ளடக்கிய ஒரு பாதுகாப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும். உங்கள் முதல்வர் மனதில் இருப்பது இதுதான். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. அடையாளம் காணக்கூடிய எந்தச் சிறுவரின் அல்லது பெரியவரின் இணையப் பயன்பாட்டையும் பின்தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும் என்று இந்தச் சட்டத்துக்குப் பொருள் கொள்ளக் கூடாது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. தனியுரிமைக்காகவே சேர்த்த வரி அது. பள்ளி நிர்வாகிகள் அதைப் படித்து நான் பார்த்ததே அபூர்வம்.

அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் கணினி என்றால் பள்ளி ஆய்வகத்தில் வரிசையாக இருந்த பெட்டிகள். ஆசிரியர் நடுவில் நடந்து போய்ப் பார்த்தால் அதுவே கண்காணிப்பு. இன்றைக்கு அந்தக் கணினி பிள்ளையின் படுக்கை அறை வரைக்கும் வந்துவிட்டது. கொரோனா காலத்தில், 2020க்கும் 2021க்கும் இடையில், ஃபெடரல் அரசு மூன்று தவணைகளில் சுமார் 190 பில்லியன் டாலரைப் பள்ளிகளுக்கு நிவாரணமாகக் கொடுத்தது. அதில் மடிக்கணினிகளும் வாங்கினார்கள், அவற்றோடு கண்காணிப்பு மென்பொருளும் வாங்கினார்கள். எழுதும் ஆவணம், மின்னஞ்சல், தேடல் எல்லாவற்றையும் இரவும் பகலும் வருடி, சில சொற்கள் கண்ணில் பட்டால் எச்சரிக்கை அனுப்பும் வகை மென்பொருள். இரவு 10 மணிக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரையை வரிவரியாகப் படிக்கும்படி எந்த ஃபெடரல் சட்டமும் பள்ளியிடம் சொல்லவில்லை. அது உங்கள் பள்ளி மாவட்டம் தானாக எடுத்த முடிவு. உள்ளூர்க் கல்வி வாரியம் எடுத்த முடிவை அந்த வாரியத்தின் கூட்டத்திலேயே கேள்வி கேட்கலாம், மாற்றவும் வைக்கலாம்.

ஒஹையோவில் உங்களுக்கு இன்னொரு பிடியும் உண்டு. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், பள்ளி கொடுத்த கருவியின் இருப்பிடத்தையோ, கேமராவையோ, ஒலிவாங்கியையோ, மாணவர் விசைப்பலகையில் தட்டுவதையோ பொதுவாகக் கண்காணிக்கக் கூடாது என்கிறது. பெற்றோருக்கு அறிவிக்கும் கடமையும் அதில் வருகிறது. விதிவிலக்குகள் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் பார்க்கலாம், நீதிமன்ற ஆணை இருந்தால் பார்க்கலாம். ஃபெடரல் சட்டத்தைப் பின்பற்றவோ ஃபெடரல் நிதித் திட்டத்தில் பங்கேற்கவோ தேவைப்பட்டாலும் பார்க்கலாம். இந்தக் கடைசி விதிவிலக்கைக் கவனியுங்கள். “ஃபெடரல்” என்ற சொல்லைப் பள்ளி கையில் எடுக்கும் காரணம் இதுதான். அந்தக் கதவின் அகலம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது சிப்பாவில் நான் சொன்ன அந்தத் தனியுரிமை வரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேளுங்கள்.

நீதிமன்றங்களும் இதில் முழுக்க மௌனமாக இல்லை. பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளின் கேமரா வீட்டுக்குள் இருந்த பிள்ளைகளையே படம் பிடித்தது தெரியவந்தபோது வழக்கு போட்டார்கள். 2010இல் 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது அந்த மாவட்டம். உங்கள் ஒஹையோவிலேயே, கிளீவ்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகம் ஆன்லைன் தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவால் சுற்றிக் காட்டச் சொன்னது. அது, நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு எதிரான சோதனை என்று 2022இல் ஒரு ஃபெடரல் நீதிபதி தீர்ப்பளித்தார். அது பல்கலைக்கழகம், பள்ளி அல்ல. உங்கள் வழக்கைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பும் அல்ல. ஆனால் பள்ளி நிர்வாகம் வீட்டுச் சுவருக்குள் எட்டிப் பார்ப்பதை நீதிமன்றம் எப்படி எடை போடுகிறது என்று காட்டுகிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த எச்சரிக்கைகளில் சில உண்மையான ஆபத்தைக் காட்டியிருக்கலாம். தற்கொலை எண்ணத்தை எழுதும் பிள்ளையைப் பள்ளி அழைத்துப் பேசாமல் இருந்தால் நாமே பள்ளியைத் திட்டுவோம். உங்கள் மகனை அழைத்துப் பேசியது தவறு என்று நான் சொல்லவில்லை. கட்டுரையை முழுதாகப் படிக்க ஐந்து நிமிடம், அந்த வேலையைக் கொடுத்த வரலாற்று ஆசிரியரைக் கேட்க இரண்டு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தைச் செலவிடாமல் போலீஸ் அதிகாரியைக் கூட்டிவைத்ததுதான் தவறு.

அந்த அதிகாரி அங்கே எப்படி வந்தார் என்பதும் இதே பணக் கதைதான். 1994இல் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்தால் குறைந்தது ஓராண்டு நீக்கம் என்று மாநிலங்கள் சட்டம் போட வேண்டும், இல்லாவிட்டால் ஃபெடரல் கல்வி நிதி கிடையாது என்றார்கள். பல மாவட்டங்கள் அதைத் துப்பாக்கியோடு நிறுத்தவில்லை. எதற்கும் மன்னிப்பு இல்லை என்ற ஒழுங்கு முறையாக விரித்துக்கொண்டன. 1999 கொலம்பைன் படுகொலைக்குப் பிறகு பள்ளியில் போலீஸை நியமிக்க ஃபெடரல் மானியம் வந்தது. 2018இல் பார்க்லாண்ட் படுகொலைக்குப் பிறகு அச்சுறுத்தலை முன்கூட்டியே கண்டறியும் ஏற்பாடுகளுக்குப் பணம் வந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த துயரத்தில் பிறந்த திட்டங்கள் இவை. அவற்றை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். ஆனால் போலீஸ் அதிகாரி பள்ளியில் இருப்பதால் அரசியலமைப்பு வாசலோடு நின்றுவிடுவதில்லை.

பையைச் சோதித்ததைப் பற்றி. 1985இல் எங்கள் நியூஜெர்சி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அளவுகோல் வைத்தது. கழிவறையில் புகைபிடித்ததாகப் பிடிபட்ட 14 வயதுப் பெண்ணின் கைப்பையைத் துணை முதல்வர் கிளறிய வழக்கு அது. பள்ளிக்கு வாரண்ட் தேவையில்லை, ஆனால் நியாயமான சந்தேகம் வேண்டும். தேடும் அளவும் அந்தச் சந்தேகத்துக்குப் பொருந்த வேண்டும் என்றது நீதிமன்றம். 2009இல் அரிசோனாவில் வலி மாத்திரை தேடி 13 வயதுப் பெண்ணின் உடையைக் களையவைத்த பள்ளி எல்லை மீறியது என்று 8க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. உங்கள் மகன் விஷயத்தில் கேள்வி எளிமையானது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய கொழும்பு பற்றிய கட்டுரை, இன்றைக்கு அவன் பையில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகத்தை எப்படிக் கொடுத்தது? முழுக் கட்டுரையைப் படித்த பிறகும் சோதித்தார்களா, படிக்காமலே சோதித்தார்களா? இதை எழுத்தில் கேளுங்கள்.

போலீஸ் கேள்வி கேட்டது பற்றி 2011 தீர்ப்பு ஒன்று இருக்கிறது. வட கரோலினாவில் 13 வயதுப் பையனை வகுப்பிலிருந்து அழைத்துப் போய், கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார்கள். அப்படி உட்காரவைக்கப்பட்ட பிள்ளை எழுந்து போகலாம் என்று நினைத்திருக்குமா என்பதை அந்தப் பிள்ளையின் வயதை வைத்தே பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பெரியவர்களுக்கு உள்ள அளவுகோலைப் பிள்ளைக்கு அப்படியே வைக்க முடியாது. ஆகவே மகனுக்கு இரண்டு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். “அம்மா அப்பா வராமல் நான் பதில் சொல்ல விரும்பவில்லை.” “என் பையைச் சோதிக்க எனக்குச் சம்மதம் இல்லை.” சொல்லிவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். மீறிச் சோதித்தால் தடுக்கக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. பள்ளி நிர்வாகி தனியாகக் கேட்கும் சாதாரணக் கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்வதில் தவறில்லை. போலீஸ் உட்கார்ந்திருக்கும் அறை வேறு.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டிய வேலை. போனில் பேசாதீர்கள், நேரில் போய் அழாதீர்கள். ஒரு மின்னஞ்சல் போதும்.

1974இல் வந்த குடும்பக் கல்வி உரிமைச் சட்டம், ஃபெர்பா, மகனுக்கு 18 வயது ஆகும்வரை அவனுடைய பள்ளிப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. கேட்ட 45 நாளுக்குள் காட்ட வேண்டும். மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்: அந்த எச்சரிக்கையின் நகல், அது வந்த நேரம், யார் யார் பார்த்தார்கள், அறையில் எடுத்த குறிப்புகள், அவை பள்ளிக்கு வெளியே யாருக்காவது போனதா என்ற பதிவு. மென்பொருள் நிறுவனத்திடம் இருக்கும் பிரதியும் பள்ளியின் சார்பில் வைத்திருப்பதுதான் என்பதால் அதையும் சேர்த்துக் கேட்டதாக எழுதுங்கள். கடைசியில் ஒரு வரி, இதுதான் முக்கியமான வரி: “இந்தக் கண்காணிப்பை ஃபெடரல் சட்டம் கட்டாயமாக்குகிறது என்று சொன்னீர்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று தெரிவிக்கவும்.”

இந்த ஒரு வரியின் பலத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தாய்க்காக இதே கேள்வியை ஒரு பள்ளி மாவட்டத்துக்கு எழுதினேன். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு வந்த கடிதத்தில் ஃபெடரல் என்ற சொல்லே இல்லை. “எங்கள் மாவட்டத்தின் கொள்கைப்படி” என்று மாறியிருந்தது. சட்டமாக இருந்தது கொள்கையாக இறங்கிய அன்றைக்கே அதைத் திருத்தும் பேச்சும் தொடங்கிவிட்டது.

பதிவு கைக்கு வந்ததும் அதில் தவறோ தப்பான அர்த்தம் தரும் வார்த்தையோ இருந்தால் திருத்தச் சொல்லலாம். மறுத்தால் விசாரணை கேட்கலாம். அதிலும் மறுத்தால் உங்கள் விளக்கத்தைப் பதிவோடு சேர்த்து வைக்கச் சொல்லலாம்; அந்தப் பதிவை யாருக்குக் காட்டினாலும் உங்கள் விளக்கமும் கூடவே போக வேண்டும். அடுத்த ஆண்டு கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஃபெர்பாவின் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அதை மீறியதற்காகப் பெற்றோர் நேரடியாக வழக்குப் போட முடியாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 180 நாளுக்குள் கல்வித் துறையிடம் புகார் கொடுப்பதுதான் வழி. பள்ளியின் போலீஸ் பிரிவு தனக்காக வைத்திருக்கும் பதிவு ஃபெர்பாவுக்குள் வராது. அதைத் தனியாக, ஒஹையோ பொதுப் பதிவுச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பாருங்கள். மென்பொருள் நிறுவனத்தோடு மாவட்டம் போட்ட ஒப்பந்தத்தையும் அந்தச் சட்டத்தின் கீழேயே கேட்கலாம்.

அப்புறம், அரசியலமைப்பு உரிமையையே மீறினார்கள் என்றால் வழக்குப் போட வழி உண்டு. அரசு அதிகாரி உரிமையை மீறினால் ஃபெடரல் நீதிமன்றம் போகலாம் என்று 1871இல் வந்த சட்டம், இன்று சட்டத் தொகுப்பில் இருக்கும் எண்ணால்தான் அழைக்கப்படுகிறது. அந்த எண் 1983. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு அந்தப் படி தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. இடைநீக்கம் என்ற பேச்சு வந்தால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். 10 நாள் வரையான இடைநீக்கத்துக்கே குற்றச்சாட்டைச் சொல்லி, பிள்ளையின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1975இல் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைப் போட்டவர்கள் உங்கள் கொலம்பஸ் நகரத்து மாணவர்கள்தான்.

கொடி உறுதிமொழி விஷயத்தில் சந்தேகத்துக்கே இடம் இல்லை. எழுந்து நிற்க வைக்கவோ, சொல்ல வைக்கவோ, மதிப்பெண்ணில் கை வைக்கவோ உங்கள் அரசுப் பள்ளிக்கு அதிகாரம் கிடையாது. 1943 ஜூன் 14, கொடி நாள் அன்று வந்த தீர்ப்பு இது. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மேற்கு வர்ஜீனியாவில் யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த மாரி, கேத்தி என்ற இரண்டு சிறுமிகள் கொடிக்கு வணக்கம் செய்ய மறுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மூன்றே ஆண்டுக்கு முன்னால், 1940இல், இதே மதப் பிரிவுப் பிள்ளைகள் இதே கேள்வியில் வேறொரு வழக்கில் தோற்றிருந்தார்கள். போருக்கு நடுவில், உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டு 6க்கு 3 என்று அந்தச் சிறுமிகள் பக்கம் நின்றது. அவர்கள் குடும்பப் பெயர் பார்னெட். நீதிமன்ற ஆவணத்தில் எழுத்துப் பிழையாக ஓர் எழுத்து கூடுதலாக விழுந்து, இன்றுவரை அந்தப் பிழையோடுதான் வழக்கின் பெயர் நிற்கிறது. பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் தப்பாகவே பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும், மகனிடம் சொல்லுங்கள்.

ஒஹையோ மாநிலச் சட்டமும் உறுதிமொழிக்குக் கட்டாயப்படுத்தவோ மிரட்டவோ கூடாது என்கிறது. குடிமகன் அல்லாத பிள்ளை என்றாலும் இது பொருந்தும். மதிப்பெண் பற்றிச் சொன்ன ஆசிரியர் மேல் கோபப்படாமல், முதல்வருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். ஆனால் மகனிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். அவன் உட்காருவது நம்பிக்கையாலா, அந்த அறையில் நடந்ததன் வலியாலா? இரண்டுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு ஒன்றுதான். ஆனால் இரண்டாவது என்றால் அவனுக்குச் சட்டத்தைவிட நீங்கள் அதிகம் தேவைப்படுகிறீர்கள்.

ராணுவ அழைப்பு எளிதில் தீரும். ஃபெடரல் நிதி வாங்கும் பள்ளிகள், ராணுவத்தினர் கேட்டால் உயர்நிலை மாணவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டும். 2002இல் கையெழுத்தான கல்விச் சட்டம் கொண்டுவந்த நிபந்தனை இது. 2015இல் அதற்கு மாற்றாக வந்த சட்டத்திலும் தொடர்கிறது. பெற்றோர் எழுத்தில் மறுத்தால் கொடுக்க முடியாது. ஆண்டுத் தொடக்கத்தில் வந்த கட்டுக் காகிதத்தில் அந்தப் படிவம் இருந்திருக்கும். இப்போதும் எழுதலாம். எச்-4 விசாவில் இருப்பவரை ராணுவம் சேர்த்துக்கொள்வதும் இல்லை. அழைப்பவரிடம் அதைச் சொன்னாலே நின்றுவிடும்.

கடைசியாக உங்கள் கணவரின் பயம். அதை வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் போன்ற இடங்களில் குடிவரவு அதிகாரிகள் பெரும்பாலும் நுழையக் கூடாது என்றிருந்த பழைய வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் ஃபெடரல் அரசு விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலரின் விசா, அவர்கள் பேசியதற்காகவும் எழுதியதற்காகவும் ரத்தானது. இதையெல்லாம் செய்தியில் பார்த்த ஒரு தகப்பன் வாயை மூடு என்று சொல்வது குடும்பத்தின் மேல் உள்ள அக்கறையால்தான்.

ஆனால் எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துப் பாருங்கள். விசாவே இல்லாத பிள்ளைக்கும் அரசுப் பள்ளியில் இடம் தர வேண்டும் என்ற 1982 டெக்சஸ் வழக்கின் தீர்ப்பு நிற்கிறது. வழிகாட்டுதல் என்பது அரசு மாறினால் மாறும். அரசியலமைப்புத் தீர்ப்பு அப்படி ஒரே நாளில் போகாது. பள்ளிப் பதிவை உங்கள் சம்மதம் இல்லாமல், நீதிமன்ற ஆணையோ முறையான சம்மனோ இல்லாமல் வெளியே கொடுப்பதை ஃபெர்பா பொதுவாகத் தடுக்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு என்பதால்தான் யாருக்குப் போனது என்று கேட்கச் சொன்னேன். நீங்கள் முறையான விசாவில் இருப்பவர்கள். பெற்றோராக ஒரு பதிவைப் பார்க்கக் கேட்பது விசா நிபந்தனை எதையும் மீறும் செயல் இல்லை. மௌனமாக இருந்தால் அந்தப் பதிவு போய்விடாது. யாருடைய வார்த்தையில் எழுதப்பட்டதோ அதே வார்த்தையில் அங்கேயே கிடக்கும். கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். விஷயம் கைது, சிறார் நீதிமன்றம் என்று போனால் மட்டும் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

“அமைப்பில் இருக்கிறாயா” என்று கேட்டது என்னை உறுத்துகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றியோ யூதப் படுகொலை பற்றியோ கட்டுரை எழுதிய பிள்ளையிடம் இதைக் கேட்டிருப்பார்களா? பூர்வீகத்தை வைத்துப் பிள்ளையை வேறுவிதமாக நடத்துவதை 1964 சிவில் உரிமைச் சட்டம் ஃபெடரல் நிதி வாங்கும் எல்லாப் பள்ளிகளிலும் தடை செய்கிறது. பணத்தோடு வரும் நிபந்தனை பிள்ளைக்குக் கவசமாகவும் இருக்கும் என்பதற்கு இதுவே உதாரணம். கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். ஆனால் 2025 மார்ச்சில் அந்தத் துறையின் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப்பேரைக் குறைத்து, 12 வட்டார அலுவலகங்களில் 7ஐ மூடுவதாக அறிவித்தார்கள். உங்கள் கிளீவ்லாண்ட் அலுவலகமும் அதில் ஒன்று. ஆகவே அங்கிருந்து விரைவான பதிலை எதிர்பார்க்காதீர்கள். அந்த அறையில் மகனிடம் கேட்ட கேள்விகளை, அவன் சொன்ன பதில்களை, தேதி நேரத்தோடு இந்த வாரமே அவன் கையால் எழுதிவைக்கட்டும். ஆறு மாதம் கழித்து நினைவு மங்கியபின் எழுதியதற்கு மதிப்புக் குறைவு. 180 நாள் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி அவனுடைய சொந்த எழுத்தைப் பள்ளிக் கணினியில் எழுத வேண்டாம். வீட்டுக் கணினியில், பள்ளிக் கணக்கில் நுழையாமல் எழுதி, முடித்ததை மட்டும் சமர்ப்பிக்கட்டும். உரிமையை விட்டுக்கொடுப்பது என்று இதை நினைக்க வேண்டாம். சண்டை தீரும்வரை பிள்ளையின் நிம்மதிக்காகச் செய்வது. அந்தக் கட்டுரையையும் பாதியில் விடச் சொல்லாதீர்கள். வரலாற்று ஆசிரியர் கேட்டது அதைத்தான். அம்மம்மாவுக்கு போன் போட்டு, விட்டுப்போனதைக் கேட்டு, எந்தச் சொல்லையும் மாற்றாமல் எழுதி, அவன் பெயரில் சமர்ப்பிக்கட்டும்.

பள்ளியின் பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மகனுக்குச் சம்மதம் என்றால் அந்தக் கட்டுரையையும் அனுப்புங்கள், படிக்க ஆசைப்படுகிறேன்.